முன்மாதிரிச் சோதனை பிசகும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

செயலியைக் கட்டுவதற்கு முன்பே அதன் திரைகளை முன்மாதிரியாக வரைந்து, பயன்படுத்தப் போகிறவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் இப்போது சிறிய நிறுவனங்களிலும் வந்துவிட்டது. ஆனால் அப்படிச் சோதித்து முடித்த செயலியும் வெளியான முதல் வாரத்திலேயே குழப்பத்தைக் கிளப்புவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அத்தகைய தருணங்களில் குழு உடனே திரைகளைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறது. பெரும்பாலும் முதலில் திருத்த வேண்டியது, அந்தப் பழுதைக் காட்டத் தவறிய சோதனையைத்தான்.

இங்கே உள்ள எடுத்துக்காட்டுகளில் பல, ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் டோக்கன் போடுவதற்கான செயலியை வடிவமைத்தபோது கண்டவை. ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலில் வருகிறது. அதைச் சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

## அறிகுறி 1: எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள்; வெளியான பின் எவராலும் பயன்படுத்த முடியவில்லை

கேட்ட கேள்வியைப் பாருங்கள். "இந்தத் திரை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?", "எளிதாக இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால், கிடைத்த பதில் மரியாதையின் பதில். நாற்காலி போட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, தம் உழைப்பை ஆவலோடு காட்டுகிற ஒருவரிடம் "நன்றாக இல்லை" என்று சொல்ல நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு மனம் வராது. கேள்வித்தாளை எடுத்து, ஆம், இல்லை, பிடிக்கும் என்று முடியக்கூடிய கேள்விகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு வேலையை வையுங்கள்: "உங்கள் மாமியாருக்குக் கண் மங்கலாகத் தெரிகிறதாம்; நாளைக் காலை பதினொரு மணிக்கு முன்னால் அவர் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்."

வேலையைச் சொன்ன சொல்லைப் பாருங்கள். திரையில் "முன்பதிவு" என்று பொத்தான் இருக்க, நீங்களும் "முன்பதிவு செய்யுங்கள்" என்று சொன்னால், உங்கள் முன் இருப்பவர் அந்தச் சொல்லைத் தேடி அழுத்துகிறார், வேறொன்றும் செய்யவில்லை. வேலைக்குறிப்பில் உள்ள எந்தெந்தச் சொற்கள் திரையிலும் இருக்கின்றன என்று அடிக்கோடிட்டுப் பாருங்கள். ஒன்றுகூட இருக்கக் கூடாது. நாங்கள் அந்த ஒரு சொல்லை நீக்கிய பிறகு, முன்பு தடையின்றி முடிந்த அதே வேலையில், அடுத்து வந்தவர்கள் முதல் திரையிலேயே நின்றுவிட்டார்கள். அவர்கள் தேடியது "டோக்கன்" என்ற சொல்லை.

காட்டினீர்களா, செய்ய வைத்தீர்களா? 2000-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில், ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில், பெயருக்கு நேரே துளையிட்டு வாக்களிக்கும் சீட்டில், முதியவர்கள் எளிதில் படிக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன் எழுத்தைப் பெரிதாக்கியதால், வேட்பாளர் பெயர்கள் எதிரெதிராக இரண்டு பக்கங்களில் பரவி, துளையிடும் புள்ளிகள் நடுவில் ஒரே வரிசையாக நின்றன. மாதிரிச் சீட்டு முன்கூட்டியே மக்களுக்குக் காட்டப்பட்டிருந்தது, பார்த்தவர்கள் ஆட்சேபிக்கவில்லை. வாக்களிக்கும் நாளில் 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகள், ஒரே பதவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இடப்பட்டதால் செல்லாமல் போயின. அந்த மாநிலத்தின் இறுதி வித்தியாசம் 537 வாக்குகள். பார்த்துத் தலையசைப்பதற்கும் கையால் துளையிடுவதற்கும் இடையில் உள்ள தூரம் இவ்வளவு. திரைகளின் படங்களை வரிசையாகக் காட்டி ஒப்புதல் வாங்கியிருந்தால், நீங்கள் இன்னும் சோதனையைத் தொடங்கவே இல்லை என்று கொள்ளுங்கள்.

அமர்த்திய ஆட்களைப் பாருங்கள். இதுதான் செலவு வைக்கும் காரணம். அடுத்த மேசையில் இருப்பவர், அவருடைய தம்பி, கல்லூரி நண்பர் ஆகியோர் நாள் முழுதும் செயலிகளோடு புழங்குகிறவர்கள். மருத்துவமனை நிர்வாகத்திடம் அனுமதி பெற்று, புறநோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலேயே அமர்ந்து, ஒவ்வொருவரின் நேரத்துக்கும் ஒரு சிறு தொகை கொடுத்துச் செய்வதுதான் சரியான வழி. நோயுற்றவரை விட்டுவிட்டு, உடன் வந்தவரைக் கேளுங்கள். பெரும்பாலும் டோக்கன் போடுபவரும் அவர்தான்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: பார்வையற்றோர், காது கேளாதோர், எழுத்தறிவு குறைந்தோர் ஆகியோர் உங்கள் பயனர்களில் இருந்தால், அவர்களோடு பணியாற்றிப் பழகிய ஆய்வாளர் வேண்டும். திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் போன்ற வசதியைச் சார்ந்திருப்பவருக்குப் படமாக வரைந்த முன்மாதிரி பெரிதும் உதவாது; அவர்களுக்காகத் தனியே, இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் ஒரு மாதிரி கட்ட நேரும்.

## அறிகுறி 2: பேச்சு முழுதும் நிறத்தையும் படத்தையும் பற்றியே போகிறது

முன்மாதிரி அளவுக்கு மீறி முடிந்துபோனதாகத் தோற்றமளிக்கிறது என்பதே முதல் காரணம். வேலை முடிந்துவிட்டதாக நினைப்பவர், இனி மாற்றக்கூடியதாகத் தமக்குத் தோன்றும் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார். அது நிறமாகத்தான் இருக்கும். நிறங்களை எல்லாம் எடுத்துவிட்டுச் சாம்பல் நிறத்தில் வையுங்கள். அதுவும் போதவில்லை என்றால் தாளுக்குப் போங்கள்: ஏ4 தாளில் பேனாவால் வரைந்த திரை, பட்டியல் விரிவதற்கு ஒட்டும் சீட்டு, திரைகளை மாற்றிவைக்க ஒரு கை. பாம் பைலட் என்ற கையடக்கக் கருவி 1996-இல் வருவதற்கு முன், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப் பையில் ஒரு மரத்துண்டை வைத்துக்கொண்டு, நாள்காட்டியைப் பார்க்க வேண்டிய தருணங்களில் அதை எடுத்து, எழுதுகோலுக்குப் பதிலாக ஒரு குச்சியால் எழுதுவதுபோல் பழகிப் பார்த்தார். அந்த மரத்துண்டில் நிறத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. பைக்குள் அடங்குகிறதா, எதற்காக எடுக்கத் தோன்றுகிறது என்பவை மட்டுமே மிஞ்சின.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். "இந்த நிறம் பிடிக்கலை" என்பதைக் குறித்துக்கொண்டு நகரலாம். "எழுத்து தெரியலை" என்பதை அப்படி விட முடியாது. உடனே எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாட்டை அளந்து பாருங்கள். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 என்ற விகிதத்துக்குக் கீழே இருந்தால் அது பழுது; வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து பெரும்பாலும் இந்த அளவில் தோற்றுவிடும்.

## அறிகுறி 3: சோதனை பாதியில் நிற்கிறது, அல்லது சந்தேகப்படும்படி மிக வேகமாக முடிகிறது

இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே; எனவே சேர்த்துப் பாருங்கள்.

வேகமாக முடிந்தால்: திரைகளை வரையும் கருவியான ஃபிக்மாவில் ஓடும் முன்மாதிரியில், இணைப்பு இல்லாத இடத்தைத் தொட்டால், எங்கெல்லாம் இணைப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் நீலக் கட்டங்கள் ஒரு கணம் மின்னி மறையும். வடிவமைப்பவருக்கு அது உதவி. சோதனையில் அது விடைத்தாள். இதை நான் அறிந்துகொண்டது ஓர் இளைஞரின் கட்டைவிரலைக் கவனித்தபோதுதான். ஒவ்வொரு புதிய திரையிலும் அவர் முதலில் காலியான ஓர் ஓரத்தைத் தட்டினார், நீலம் மின்னியதும் அங்கே போய் அழுத்தினார். ஒரு சொல்லைக்கூட அவர் படிக்கவில்லை; ஆயினும் எங்கள் குறிப்பேட்டில் "வெற்றி, மிக விரைவு" என்று எழுதப்பட்டிருந்தது. ஓட்டிக் காட்டும் பார்வையின் விருப்பங்களில் இந்தக் குறிப்பை அணைத்துவிடலாம். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் நீங்களே ஒரு காலி இடத்தைத் தட்டி, நீலம் வரவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பாதியில் நின்றால்: ஒரே ஒரு சரியான பாதைக்கு மட்டும் இணைப்பு கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தவறான பொத்தானை அழுத்தினால் எதுவும் நடக்காத முன்மாதிரி, தவறிய இடத்திலேயே "இது இல்லை" என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறது. உண்மையான செயலியில் அவர் மூன்று திரைகள் தள்ளிப் போய்த் தொலைந்திருப்பார். வேலையின் முக்கியமான இரண்டு முட்டுச்சந்துகளையாவது வரைந்து, "பின்செல்" வேலை செய்யும்படி இணையுங்கள்.

அடுத்து, கருவியை மாற்றிப் பாருங்கள். மடிக்கணினியில் சுட்டியால் அழுத்திச் சோதித்ததைக் கைப்பேசிச் சோதனை என்று கொள்ளக் கூடாது. பயனரிடம் இருப்பது போன்ற விலை குறைந்த ஆண்ட்ராய்டு பேசியில், ஒரு கையில் பையோ குழந்தையோ இருக்க, ஒற்றைக் கட்டைவிரலால் எட்டுகிறதா என்று பாருங்கள். தொடும் இடம் 48 டிபி (திரையின் அடர்த்தியைச் சாராத அளவு அலகு) அகலமும் உயரமும் இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டுக்கான பரிந்துரை. வரைகிறபோது பெரிதாக்கிய கணினித் திரையில் இது சிறுத்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கருவியையே மாற்ற வேண்டிய இடம்: இத்தகைய முன்மாதிரிகளில் கட்டத்தைத் தொட்டதும் பெயர் தானே நிரம்பிவிடுவதாக அமைப்பதே வழக்கம். நீங்கள் அறிய விரும்புவதே தட்டச்சு பற்றியதாக இருந்தால், உதாரணமாகப் பெயரைத் தமிழில் எழுதுகிறார்களா ஆங்கிலத்திலா என்பதாக இருந்தால், உண்மையாகவே தட்டச்சு செய்ய விடும் முன்மாதிரிக் கருவியான ஆக்ஷரிலோ எளிய ஹெச்டிஎம்எல் பக்கத்திலோ அந்த ஒரு திரையை மட்டும் கட்டுங்கள். முழுச் செயலியையும் அப்படிக் கட்டத் தேவையில்லை.

## அறிகுறி 4: ஆங்கிலத்தில் சரியாக இருந்த திரை தமிழில் சிதைகிறது

எழுத்து வெட்டுப்படுகிறது. வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு ஏற்றவாறு இறுக்கி வைத்ததே காரணம். தமிழில் "ழு", "கூ" போன்றவை கீழே இறங்கும். "கி", "மீ" போன்றவற்றின் மேல்விலங்கு மேலே ஏறும். "புதுக்கூரைப்பேட்டை", "கீழ்வேளூர்" என்று இரண்டு ஊர்ப் பெயர்களை அந்தக் கட்டத்தில் இட்டுப் பாருங்கள். மேலும் கீழும் வெட்டுப்படாமல் தெரிந்தால் உயரம் போதும்.

பொத்தானுக்குள் சொல் அடங்கவில்லை. "சப்மிட்" இருந்த இடத்தில் "சமர்ப்பிக்கவும்" வந்தால் அகலம் போதாது. எழுத்தைச் சிறிதாக்குவது தவறான மருந்து. சொல்லைச் சுருக்குங்கள்: "அனுப்பு". முன்மாதிரியின் முதல் நாளிலிருந்தே உண்மையான தமிழ்ச் சொற்களை இடுவதுதான் இதற்குத் தடுப்பூசி. பொருளற்ற லத்தீன் நிரப்புரையை வைத்து வரைந்த திரையைத் தமிழில் சோதித்ததாகச் சொல்ல முடியாது.

சொல் அடங்குகிறது, ஆனால் கை தயங்குகிறது. எனக்கு மிகவும் மனம் கனத்தது இந்த வகைப் பழுதில்தான். டோக்கனை விலக்கிக்கொள்ளும் திரையில் "டோக்கனை ரத்து செய்ய வேண்டுமா?" என்று கேட்டு, கீழே "ரத்து", "சரி" என்று இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தோம். தன் டோக்கனை வைத்துக்கொள்ள விரும்பி, தவறுதலாக அந்தத் திரைக்கு வந்துவிட்ட ஓர் அம்மா, விரலை "ரத்து" மேல் கொண்டுபோனார், எடுத்தார், "சரி" மேல் கொண்டுபோனார், மறுபடி எடுத்தார். பிறகு பேசியை மெதுவாக மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எதை அழுத்தினாலும் போயிடும் போலிருக்கே தம்பி" என்றார். அவர் சொன்னதில் தவறே இல்லை. மறுநாள் அந்தப் பொத்தான்கள் "டோக்கன் வேண்டாம்", "டோக்கன் இருக்கட்டும்" என்று மாறின. பொத்தானை மட்டும் தனியே வாசித்தாலும், அழுத்தினால் என்ன நடக்கும் என்று விளங்க வேண்டும். உங்கள் எல்லாப் பொத்தான்களையும் கேள்வியை மறைத்துவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

படிவத்தில் நிற்கிறார்கள். "முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்று இரண்டையும் கட்டாயமாக்கியிருந்தால், தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே வைத்துக்கொள்ளும் தமிழர் இரண்டாவது கட்டத்தில் என்ன எழுதுவார்? சிலர் ஒரு புள்ளி வைப்பார்கள், சிலர் தம் பெயரையே மறுபடி எழுதுவார்கள், சிலர் கணவர் பெயரை இடுவார்கள். பின்னர் மருத்துவமனைப் பதிவேட்டில் எதுவும் ஒத்துப்போகாது. ஒரே கட்டம், "பெயர்" என்ற ஒரே தலைப்பு, முதலெழுத்துக்குத் தடையில்லை என்று மாற்றுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: மருத்துவச் சொற்கள், ஒப்புதல் வாசகங்கள், பணம் திரும்பப் பெறும் நிபந்தனைகள் ஆகியவற்றைத் தானியங்கி மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்து வைக்காதீர்கள். செயலிகளுக்குத் தமிழில் எழுதிப் பழகிய ஒருவரையும், நிபந்தனைகளுக்கு ஒரு வழக்கறிஞரையும் அமர்த்துங்கள்.

## அறிகுறி 5: சோதனைக்கு வந்தவர் பேசாமல் இருக்கிறார், அல்லது ஒவ்வொன்றுக்கும் உங்கள் முகத்தைப் பார்க்கிறார்

அவர் இதைத் தமக்கு வைத்த பரீட்சை என்று நினைக்கிறார். "நாங்கள் சோதிப்பது இந்தத் திரையை, நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே நாங்கள் தவறு செய்திருக்கிறோம்" என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள், நடுவிலும் ஒருமுறை சொல்லுங்கள். உங்கள் இருக்கையை எதிரே போடாமல் பக்கவாட்டில் சற்றுப் பின்னே போடுங்கள். முகம் தெரியாவிட்டால் முகத்தில் விடை தேட முடியாது.

"இதை அழுத்தலாமா சார்?" என்று கேட்டால், விடை சொல்லாமல், "வீட்டில் தனியாக இருந்தால் என்ன செய்வீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பிறகு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தப் பத்தைத் தாங்க முடியாமல் உதவிக்குக் கை நீட்டுபவர் வடிவமைப்பாளரே என்பதால், வரைந்தவரையே சோதனையை நடத்த விடாமல் இருப்பது நல்லது. அவர் குறிப்பெடுக்கட்டும்.

அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை என்றால், உறவினர் இருவரைச் சேர்த்து உட்கார வைத்து ஒரே பேசியைக் கொடுங்கள். தனியாக இருந்தபோது மௌனமாயிருந்த மாமியார், மருமகளிடம் "அது இல்ல, மேல இருக்கு பாரு" என்று சொல்லத் தொடங்குவார். அவர் எண்ணம் ஓடும் வழி உங்களுக்கு அப்போது கேட்கும்.

## அறிகுறி 6: ஐந்து பேர் ஐந்து விதமாகச் செய்தார்கள், குழுவில் வாக்குவாதம்

சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்பது, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டு எழுதியதிலிருந்து பரவியது. ஒரு பயனர் சராசரியாகப் பழுதுகளில் 31 விழுக்காட்டைக் காட்டிக்கொடுப்பார் என்று வைத்துக்கொண்டால் ஐவர் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் காட்டிவிடுவார்கள் என்பது அதன் கணக்கு. இதில் மறந்துவிடுகிற நிபந்தனை, ஐவரும் ஒரே வகையினராக இருக்க வேண்டும் என்பது. எனவே முதலில் உங்கள் ஐவரைப் பிரித்துப் பாருங்கள். இரண்டு முதியவர், இரண்டு கல்லூரி மாணவர், ஒரு வரவேற்பறை ஊழியர் என்று இருந்தால், உங்களிடம் இருப்பவை மூன்று வெவ்வேறு சோதனைகள், மூன்றும் முடியாதவை.

அடுத்து, யாராவது விழுக்காடு சொல்கிறார்களா என்று பாருங்கள். "60 விழுக்காட்டினர் வெற்றி பெற்றார்கள்" என்று அறிக்கையில் இருந்தால், அது ஐவரில் மூவர். ஐவரில் மூவர் என்ற முடிவிலிருந்து, உண்மையான வெற்றி விகிதம் ஏறத்தாழ 23 முதல் 88 வரை எங்கும் இருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல இயலாது. பத்தில் ஒருவரை மட்டும் தாக்கும் பழுதை ஐந்து பேர் சோதனை கண்டுபிடிக்கும் வாய்ப்பு 41 விழுக்காடுதான். ஆகவே சிறு சோதனையில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எந்த இடத்தில், எந்தச் சொல்லின் மேல் விரல் நின்றது என்பதை எழுதுங்கள். ஐவரைக் கொண்டு சோதித்து, திருத்தி, புதிதாக ஐவரைக் கொண்டு சோதிப்பது, ஒரேயடியாகப் பதினைந்து பேரை உட்கார வைப்பதைவிட மேலானது; நீல்சனும் இதைத்தான் பரிந்துரைத்தார்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: இரண்டு வடிவங்களில் எது மேல் என்று எண்ணால் நிறுவியே ஆக வேண்டும் என்று நிர்வாகம் கேட்டால், எத்தனை பேர் தேவை என்பதைச் சோதனைக்கு முன்பே ஒரு புள்ளியியலாளரிடம் கேளுங்கள். முடித்துவிட்டு அவரிடம் போனால், அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

## அறிகுறி 7: முன்மாதிரியில் தேறியது, கட்டிய பிறகு தோற்றது

வரையாத நிலைகளைத் தேடுங்கள். டோக்கன் ஒன்றும் மிச்சமில்லாத நாள், டாக்டர் விடுப்பில் இருக்கும் நாள், ஓடிபி வராத இரண்டு நிமிடங்கள், பணம் வங்கியில் கழிந்தும் ரசீது வராத தருணம் ஆகியவற்றுக்குத் திரை இருந்ததா? ஒவ்வொரு திரைக்கும் "காலியாக இருந்தால், காத்திருந்தால், தவறினால்" என்று மூன்று தாள்கள் வைத்துப் பாருங்கள். எங்கள் செயலி வெளியான பின் வந்த புகார்களில் பெரும்பகுதி இந்த மூன்றாவது தாளைச் சேர்ந்தது. அவற்றை நாங்கள் வரைந்திருக்கவே இல்லை.

தாமதத்தைச் சோதிக்கவில்லை. முன்மாதிரியில் திரைகள் கண்ணிமைப்பில் மாறும். இடையில் வேண்டுமென்றே ஐந்து நொடி நிறுத்தம் வைத்து, மக்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பலர் மறுபடி அழுத்துவார்கள். இரண்டு டோக்கன் விழுவது அங்கேதான்.

பின்னணியில் இயங்க வேண்டியது இன்னும் இல்லை. குரலில் பேசி டோக்கன் போடும் வசதி போன்றவற்றை வரைபடத்தால் சோதிக்க முடியாது. அங்கே ஒரு மனிதரை இயந்திரத்தின் இடத்தில் வையுங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஐபிஎம் ஆய்வாளர்கள், பேசினால் எழுதும் தட்டச்சு இயந்திரத்தை இப்படித்தான் சோதித்தார்கள்: பேசியவரின் சொற்கள் திரையில் தோன்றின; உண்மையில் தட்டச்சு செய்தவர் வேறோர் அறையில் இருந்தார். சோதனை முடிந்ததும் வந்தவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: பணப் பரிமாற்றமும் நோயாளியின் தகவலும் உள்ள திரைகளில், முன்மாதிரிச் சோதனை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும், பாதுகாப்புச் சோதனையாளர் ஒருவர் பார்க்காமல் வெளியிடக் கூடாது. முன்மாதிரிக்குள் உண்மையான நோயாளிகளின் பெயரோ தொலைபேசி எண்ணோ இடப்பட்டிருந்தால், அவரை அழைப்பதற்கு முன், இன்றே அவற்றை நீக்குங்கள். பகிர்ந்த இணைப்பு யார் யார் கையில் இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்து, தேவையற்றவர்களின் அனுமதியை எடுத்துவிடுங்கள்.